ரங்கசாமி எழுதிக்கொண்ட பதினெட்டுப் பெயர்கள்

ஓய்வுபெற்ற நில அளவையர் ரங்கசாமிக்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரை உண்டு. இடது காது கொஞ்சம் மந்தம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது ஒருநாளும் ஞாபகம் இருக்காது. கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னால் முதலில் அதன்மேல் போட்டிருக்கும் துணியை நாலாக மடித்து வைப்பார். போனில் யார் வந்தாலும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் விடமாட்டார். இத்தனையும் இருந்த அவருக்கு உடம்பு மட்டும் கிடையாது. தாழ்ப்பாள் என்ற கோயம்புத்தூர்க் கம்பெனியின் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த நிரல் அவர். பெற்றவள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் சுகந்தியைத்தான் சொல்ல வேண்டும்.

சுகந்திக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் காதில் ஹெட்போனோடு குப்பை கொட்டியவள். போனில் மனிதர்கள் எப்படியெல்லாம் நேரத்தைத் தின்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த அனுபவத்துக்காகத்தான் தாழ்ப்பாள் அவளை வேலைக்கு எடுத்தது. அவள் எழுத எழுத ரங்கசாமி வளர்ந்தார். குரல் மட்டும் ஒரு நாடக நடிகருடையது. பேச்சு, இருமல், சந்தேகம், சொந்தபந்தப் புராணம் எல்லாம் சுகந்தி போட்டது.

அந்தக் காலத்தில் இந்தத் திருட்டு வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டோ பேத்தியின் படம் பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பீர்கள். திடீரென்று திரை சிவப்பாகிவிடும். அபாய மணி அடிக்கும். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று வரும். பிளக்கைப் பிடுங்கினால் விஷயம் முடிந்தது. ஆனால் பயந்துபோனவருக்கு அது தோன்றுமா? எண்ணைக் கூப்பிட்டால் எதிர்முனையில் தேனொழுகும் ஒரு குரல், டெக்னிக்கல் சப்போர்ட் என்று சொல்லும். நான் உங்கள் திரையைப் பார்க்க வேண்டும், இதை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கும். இறக்கிவிட்டால் வீடே அவன் கையில்.

தாழ்ப்பாளின் பாதுகாப்பு மென்பொருளைப் போட்ட வீடுகளில் அந்தச் சிவப்புத் திரை பெரும்பாலும் வராது. வந்து, யாராவது பயந்து கூப்பிட்டாலும், அல்லது திருடனே வலியக் கூப்பிட்டாலும், அந்த அழைப்பில் வீட்டுக்காரருக்குப் பதிலாக ரங்கசாமிதான் லைனில் வருவார். அவர் அவனுக்குப் பொய்யான ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுவார். அதில் மகள் கல்யாண போட்டோ இருக்கும், பழைய நில வரைபடங்கள் இருக்கும், உருப்படியாக எதுவும் இருக்காது. ஒருவன் ரங்கசாமியோடு மாரடிக்கும் நேரத்தில் இன்னொரு வீட்டை ஏமாற்ற முடியாது. அதனால் எத்தனை நிமிடம் வீணடித்தார் என்பதை வைத்தே அவருடைய வெற்றியை அளந்தார்கள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் முந்தின மாதத்தின் சிறந்த அழைப்பைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது அங்கே வழக்கம். கூடவே தட்டுத் தட்டாக மைசூர்பாகு வரும். அந்த மாதம் மேலாளர் வித்யாசாகர் எழுந்து நின்று, "ரெகார்டுங்க இது. ஒரே ஆளு, பதினோரு நாள், மொத்தம் பத்தொன்பது மணி நேரம்!" என்றான். முதல் பத்து நிமிடத்தை ஓடவிட்டான்.

"ஸ்கிரீன்ல என்ன தெரியுது சார்?" என்று கேட்டான் திருடன்.

"என் மூஞ்சிதான் தெரியுது கண்ணு."

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க சார்!"

அறையே குலுங்கிச் சிரித்தது. சுகந்தியும் சிரித்தாள். யாரோ அவள் வாயில் மைசூர்பாகைத் திணித்தார்கள். பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப்போல அன்றைக்கு அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஆனால் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பத்தொன்பது மணி நேரம் அவளை உறுத்தியது. திருடர்களுக்குப் பொறுமை கிடையாது. அரை மணியில் கத்துவார்கள், ஒரு மணியில் கெட்ட வார்த்தை வரும், அதோடு போனை வைத்துவிடுவார்கள். பதினோரு நாள் திரும்பத் திரும்ப வந்து பேச எவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? திங்கட்கிழமை காலையில் வந்ததும் வராததுமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப் பதிவையும் கேட்க உட்கார்ந்தாள்.

முதல் நாள் அவன் பெயர் மைக்கேல். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரல். இரண்டாம் நாள் ரங்கசாமி தன் விசாரிப்பை ஆரம்பித்தார்.

"மைக்கேலுன்னு பேரு வச்சிருக்கே. பேச்சு இளையான்குடிப் பக்கமாட்ட இருக்குதே கண்ணு? அந்தப் பக்கமெல்லாம் நான் மூணு வருசம் சங்கிலி போட்டு அளந்தவன் சாமி."

யார் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், அந்த ஊரில் தான் நிலம் அளந்ததாக ரங்கசாமி சொல்வார். அது சுகந்தி எழுதியது. ஊர்ப்பேச்சு வந்துவிட்டால் நம் ஆட்களால் போனை வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எதிர்முனையில் அந்தக் குரல் தணிந்து, "ஐயாவுக்கு இளையான்குடி தெரியுமா?" என்று கேட்டது.

நாலாம் நாள் அவன் வேறு மாதிரிப் பேசினான்.

"ஐயா, நான் சொல்றதைச் சத்தம் காட்டாமக் கேளுங்க. நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆளு இல்ல. இது ஏமாத்துற கம்பெனி. நீங்க எதையும் அமுக்கிறாதீங்க. நாளைக்கு வேற எவன் பேசினாலும் அமுக்காதீங்க. டேட்டா என்ட்ரி வேலைன்னு எங்களை இந்த நாட்டுக்குக் கூட்டியாந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. சுத்தி முள்கம்பி. தமிழ்ப் பயலுக மட்டும் பதினெட்டு பேரு இருக்கோம். வீட்டுக்குப் போன் பண்ணா பக்கத்துலயே ஒருத்தன் நின்னு கேக்குறான். உங்ககிட்டப் பேசுறது வேலைக் கணக்குல வர்றதால விட்டுர்றாங்க. எங்க பேரையெல்லாம் எழுதிக் கலெக்டர் ஆபீசுல குடுப்பீங்களா ஐயா?"

சுகந்தி பதிவை நிறுத்தினாள். குடிக்கத் தண்ணீர் எடுத்தவள் குடிக்காமலே பாட்டிலை மூடினாள். அடுத்து ரங்கசாமி என்ன சொல்வார் என்பது கேட்காமலேயே அவளுக்குத் தெரிந்தது.

"அடப் பாவமே! இரு சாமி, எழுதிக்கறேன். பேனா எங்கெ வச்சேன்..."

நாலு நிமிடம் நாற்பது வினாடி. மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், இருமல். அந்தச் சத்தங்களை அவளேதான் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தாள். பேனா கிடைத்தது. கிடைத்த பேனா எழுதவில்லை. இன்னொரு பேனாவுக்கு மூன்று நிமிடம்.

"சொல்லு கண்ணு."

"முதல்ல என் பேரு. கலைவேந்தன், சாலைக்கண்மாய்."

"கலைவாணன், சாலைக்கண்மாய்."

"வேந்தன் ஐயா. கலைவேந்தன்."

திருப்பி வாசிக்கும்போது ஒன்றையாவது தப்பாக வாசிக்க வேண்டும், திருடன் எரிச்சலில் நிதானம் இழப்பான் என்று எழுதி வைத்திருந்ததும் அவள்தான். கலைவேந்தன் நிதானம் இழக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை, நாலு தடவை திருத்தினான். கண்காணிப்பாளன் அந்தப் பக்கம் வரும்போது இவன் பேச்சின் நடுவே, "ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க சார்!" என்று கத்துவான். ரங்கசாமி, "எந்த பட்டன் கண்ணு?" என்பார். காலடிச் சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி பெயர் சொல்வான். பதினெட்டுப் பெயர், பதினெட்டு ஊர், ஜன்னலில் தெரியும் செல்போன் கோபுரம், ஆற்றுக்கு எந்தப் பக்கம், அக்காவின் போன் நம்பர் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவனுக்கு ஐந்து நாள் பிடித்தது.

"கலெக்டர் ஆபீசுல எனக்குத் தெரியாத ஆளா? நீ ஒண்ணுக்கும் பயப்படாத சாமி. நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு நாளும் வாக்குக் கொடுத்தார் ரங்கசாமி.

அவர் எங்கேயும் எதையும் எழுதவில்லை. அழைப்புக்கு அழைப்பு கீழே தானாக ஒரு குறிப்பு மட்டும் விழுந்திருந்தது. 'திருடனின் உத்தி: அழுகை. நம் பதில்: ஆறுதல், வாக்குறுதி. வீணடித்த நேரம்: 104 நிமிடம். வெற்றி.'

பன்னிரண்டாவது விதி அது. 'அழைப்பவர் அழலாம், குடும்பக் கஷ்டம் சொல்லலாம், காப்பாற்றச் சொல்லலாம். நம்ப வேண்டாம். ஆறுதல் சொல்லிப் பேச்சை வளர்க்கவும்.' ரங்கசாமி வருவதற்கு முன்னால், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அழுத ஒருத்தனுக்கு இரங்கிப் பல்லடத்து டீச்சர் ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சலில் சுகந்தி எழுதிய விதி. எழுதிய அன்றைக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

புதன்கிழமைதான் பதினோராம் நாள் பதிவுக்கு வந்தாள். அது ஆறே நிமிடம்தான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இங்க இன்னொரு பயகிட்டயும் ஒரு சர்வேயர் இதே மாதிரி எழுதிக்கிட்டாராம். நீங்க நெசமான ஆளுதானே?"

"என்ன சாமி இப்படிக் கேட்டுப்போட்டே? சத்தியமா."

மூச்சு விடும் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அதன்பிறகு அவன் அழைக்கவில்லை. அது நடந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

சுகந்தி வித்யாசாகரின் அறைக்குப் போனாள். அவனுக்கு முப்பத்துநாலு வயது. கெட்டவன் இல்லை. அவள் போட்டுக் காட்டிய பகுதியைக் கண்ணை மூடிக் கேட்டான்.

"மேடம், பன்னெண்டாவது விதியை எழுதினது நீங்கதானே?"

"நாந்தானுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"இதுவும் ஒரு நடிப்பா இருந்தா?"

"நடிக்கறவன் எதுக்குங்க 'எதையும் அமுக்கிறாதீங்க'ன்னு சொல்றான்? அவனுக்கு அதுல என்ன லாபம்?"

வித்யாசாகர் கம்ப்யூட்டரில் தேடினான். தொண்ணூறு நாளுக்கு மேல் பதிவுகளை வைப்பதில்லை. இருந்த மூன்று மாதத்தில் மட்டும் ஒன்பது பேர் ரங்கசாமியிடம் காப்பாற்றச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் எத்தனை பேர் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சுகந்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ரங்கசாமியை மாத்தணுமுங்க. இந்த மாதிரி யாராவது சொன்னா, 'நான் மெஷின், உங்க பேச்சை ஒரு மனுஷர் கேப்பாங்க'ன்னு உண்மையைச் சொல்லட்டும்."

"சொன்னா அடுத்த நாளே அத்தனை திருட்டுப் பயலும் 'காப்பாத்துங்க ஐயா'ன்னு ஒரு தடவை சொல்லிப் பாப்பான் மேடம். மெஷின்னு தெரிஞ்சா விட்டுட்டு நிஜ ஆளைத் தேடிப் போயிருவான். நாலு லட்சம் வீடு நம்மளை நம்பி இருக்கு. அதுல உங்க பல்லடத்து டீச்சர் வீடும் ஒண்ணு."

அவன் சொன்னதிலும் தப்பில்லை.

தன் இடத்துக்குத் திரும்பி வந்து அந்த அக்காவின் நம்பரைப் போட்டாள். பத்து இலக்கத்தையும் கலைவேந்தன் நாலு தடவை திருத்திச் சொல்லியிருந்ததால் அது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அக்காவின் பெயர் மலர்க்கொடி. இளையான்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை.

"நான் கோயமுத்தூர்லருந்து பேசறேனுங்க. சர்வேயர் ரங்கசாமின்னு..."

"சர்வேயர் ஐயா வீட்டுலருந்தா?" மலர்க்கொடியின் குரல் துள்ளியது. "அம்மா, இங்க வாம்மா! சர்வேயர் ஐயா வீட்டுலருந்து!"

"உங்களுக்கு எப்படிம்மா அவரைத் தெரியும்?"

"தம்பிதான் சொன்னான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் பேச விடுவாங்க. நல்லாருக்கேன், சாப்பிட்டேன், அவ்வளவுதான் பேச்சு. அவன் பேச்சே சரியில்லைன்னு நான் திங்கக்கிழமைக் குறைதீர் கூட்டத்துல குடுக்க மனு டைப் அடிச்சு வச்சிருந்தேன் மேடம். அதுக்கு முந்துன சனிக்கிழமை போன் பண்ணான். 'சர்வேயர் ஐயா நம்ம நிலத்தை அளந்துட்டார்க்கா, பட்டா அவரே வாங்கித் தந்துருவார், நீ மனுகினு குடுத்துக் கெடுத்துறாதே'ன்னான். எங்களுக்கு நிலமே கிடையாது மேடம். அதனால என்ன சொல்றான்னு புரிஞ்சுக்கிட்டேன். மனுவைக் கிழிச்சுப் போட்டேன். அதுக்கப்புறம் போன் வரலைன்னாலும், ஐயா பாத்துக்கிருவாருன்னு தைரியமா இருந்தோம்."

கிழித்துப் போட்டேன் என்பதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு, "ஐயாகிட்டக் குடுங்க மேடம். அம்மா ஒரு வார்த்தை பேசணுமாம்" என்றாள்.

"அவரு இல்லைம்மா."

"ஐயையோ, தவறிட்டாரா?"

"அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லைம்மா. அது மெஷின். திருடனோட நேரத்தை வீணாக்கறதுக்காகப் பேச வச்ச மெஷின். அதைப் பேச வச்சது நான்."

பின்னால் அம்மா, என்ன சொல்றாக, என்ன சொல்றாக என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மலர்க்கொடி, "அப்ப அவரு எழுதிக்கிட்டது?" என்று கேட்டாள்.

"எங்கயும் எழுதலை. இப்பத்தான் நான் எழுதியிருக்கேன்."

மலர்க்கொடி திட்டியிருந்தால் சுகந்திக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "அடுத்த திங்கக்கிழமை வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சுகந்தி போனாள். பஸ்ஸில் எட்டு மணி நேரம். பதினெட்டுப் பெயரையும் ஊரையும் பதிவிலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்து, மலர்க்கொடி டைப் அடித்த மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். உட்காரவைத்து முழுதும் படித்தார். அன்றைக்கே மேலே அனுப்பினார். அங்கிருந்து டெல்லிக்குப் போய், டெல்லியிலிருந்து அந்த நாட்டுக்குப் போய், அவர்கள் போலீஸ் ஆற்றங்கரையில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்ததாகப் பதினேழாம் நாள் தகவல் வந்தது. செல்போன் கோபுரம் அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. உள்ளே கட்டில்கள் இருந்தன, அறுத்துப்போட்ட ஒயர்கள் இருந்தன, ஒரு சோற்றுப் பானைகூட இருந்தது. ஆட்கள் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

ஒரு மாதம். சுகந்தி எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அதே விடைதான் வந்தது. அவன் பெயர் சொன்ன நாலாம் நாளே ஒரு மனிதர் அதைக் கேட்டிருந்தால் கட்டடம் நிறைந்திருந்திருக்கும். அக்கா மனுவைக் கிழிக்காமல் இருந்திருந்தாலும் நேரம் இருந்திருக்கும். தன் ரங்கசாமி சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். அவர் வாக்குக் கொடுத்தார், அவன் நம்பினான்.

தகவல் வந்த அன்று வித்யாசாகர் அவள் மேசைக்கு வந்து நின்றான். "கட்டடம் மாறினாலும் அவங்க வைரஸை மாத்தலை மேடம். அதே சிவப்பு ஸ்கிரீன், அதே புரோகிராம் கோடு. அந்தக் கும்பல்லருந்து வர்ற கால் எதுன்னு நம்ம சிஸ்டம் ஜாடையை வச்சே கண்டுபிடிச்சிரும். பத்து நாளைக்கு அதையெல்லாம் உங்களுக்குத் திருப்பி விடறேன். ரங்கசாமிக்குப் போகாது. மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வேறு பாஷைக் குரல்கள் வந்தன. கலைவேந்தன் இருக்கிறானா என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மலர்க்கொடி போன் செய்து, தம்பி பேசினானா என்று கேட்பாள். இல்லைம்மா என்பாள் சுகந்தி.

ஏழாம் நாள் காலை பதினொன்றரைக்கு ஒரு தமிழ்க்குரல் வந்தது. சின்ன வயசு.

"வணக்கம் சார், உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எங்களுக்கு எச்சரிக்கை..."

"தம்பி, கலைவேந்தன் அங்க இருக்காரா?"

ஒப்பித்தல் நின்றது. "சர்வேயர் வீடா?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"ஆமா தம்பி."

"அது மெஷின்னு எங்க எல்லாருக்கும் தெரியும். நாலு பேருகிட்ட அதே கிழவர் அதே மாதிரி பேனா தேடுனாரு. இப்பப் பொம்பளைக் குரல் வச்சிருக்காங்களா?"

"நான் மெஷின் இல்லை சாமி. மனுஷிதான். பேரு சுகந்தி. கலைவேந்தன் எங்கே?"

"அவனை வேற இடத்துக்குத் தள்ளிட்டாங்க. பதினோரு நாளா ஒரே கிழவர்கிட்டப் பேசி ஒண்ணும் கறக்கலைன்னு அடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு தெரியாது."

பத்தொன்பது மணி நேரம். அந்தச் சாதனைக்காகச் சாப்பாட்டு அறையில் தின்ற இனிப்பு இப்போது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"உங்க பேரையும் ஊரையும் சொல்லுங்க தம்பி. நான் நிஜமாவே எழுதறேன். சத்தியமா."

"அவரும் சத்தியம் பண்ணாரு."

தான் மனுஷி என்பதற்கு என்ன சொல்லலாம்? அழலாம். மன்னிப்புக் கேட்கலாம். சாமிமேல் ஆணையிடலாம். எல்லாவற்றையும் ரங்கசாமி சொல்வார், அவளைவிட நன்றாகவே சொல்வார். அவர் வாயில் இருந்த வார்த்தையெல்லாம் அவளுடையதுதான். தனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் அவருக்குக் கொடுத்திருந்தாள்.

"பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றான் அவன், அலுத்துப்போன குரலில். "அதுக்குத்தானே உங்களை வச்சிருக்காங்க. இப்பல்லாம் பதினஞ்சு நிமிசம் தாண்டி ஒண்ணும் தேறலைன்னா எனக்கும் அடிதான்."

சுகந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் ஆகியிருந்தது.

"அப்படின்னா வேண்டாம் தம்பி. நம்ப வேண்டாம். தோணினா அடுத்த தடவை பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்க. பத்து செகண்டு போதும். நான் இப்ப போனை வச்சிடறேன்."

"என்னது?" என்றான்.

அவள் வைத்துவிட்டாள்.

சேவை மையத்தில் இருபது வருடம் அவள் முதலில் போனை வைத்ததே கிடையாது. வாடிக்கையாளர்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தையே ரங்கசாமிக்கும் போட்டிருந்தாள். தப்புச் செய்துவிட்டோமோ, கிடைத்த ஒரே நூலையும் அறுத்துவிட்டோமோ என்று உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாயிற்று. ஒரு மணியாயிற்று. சாப்பிடப் போகவில்லை.

ஒன்றரைக்கு மணி அடித்தது. காலையில் பேசிய அதே குரல். "சஞ்சீவி. முதுகுளத்தூர்." அவள், "சஞ்சீவி, முதுகுளத்தூர்" என்று ஒரே தடவை, சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்தாள். கால் மணி கழித்து வேறொரு குரல், வேறொரு பெயர். மூன்றாவது குரல், "சர்க்கரை ஆலைக்குப் பின்னாடி, மஞ்சக் கட்டடம்" என்று சேர்த்துச் சொன்னது. ஒவ்வொன்றும் பத்து வினாடி, பன்னிரண்டு வினாடி. நாலரை மணிக்குள் ஏழு பேர். வித்யாசாகர் அவள் பின்னால் வந்து நின்று ஒவ்வொரு பெயரையும் பழைய பட்டியலோடு ஒத்துப் பார்த்தான். ஐந்து பேர் அந்தப் பதினெட்டில் இருந்தார்கள். இரண்டு பேர் புதியவர்கள்.

ஒவ்வொரு மணிக்கும் அவள் காது ஒரே ஒரு குரலைத்தான் எதிர்பார்த்தது. பத்தொன்பது மணி நேரம் கேட்ட குரல். ஒரு இருமலை வைத்தே அடையாளம் சொல்வாள். ஏழில் ஒன்றும் அது இல்லை.

ஐந்து மணிக்கு மலர்க்கொடி அழைத்தாள்.

"தம்பி பேசினானா மேடம்?"

சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அடித்துத் தூக்கிப் போனதையும், எதற்காக என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எதிர்முனையில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஆதார் திருத்தணும் என்றார்கள். மலர்க்கொடி அவர்களைச் சற்று இருக்கச் சொன்னாள்.

"வந்துருவானா மேடம்?"

கண்டிப்பா வருவான் சாமி, நீ ஒண்ணுக்கும் பயப்படாத, நான் பாத்துக்கறேன். நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்வதற்காக அவளே எழுதிய வாக்கியம். அதை விழுங்கிக்கொண்டாள்.

"தெரியலைம்மா" என்றாள்.

மலர்க்கொடி அழுதாள். போனை விலக்காமல், வாயைப் பொத்தாமல் அழுதாள். சுகந்தி ஆறுதல் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தமும் நாற்காலியை இழுக்கும் சத்தமும் வந்தன.

"அந்த ஏழு பேரு பேரைச் சொல்லுங்க. அந்த மஞ்சக் கட்டடத்தையும் போட்டு இப்பவே டைப் அடிக்கிறேன். அவுக வீட்டுக்காவது பிள்ளை உசிரோட இருக்கான்னு சொல்லுவோம்" என்றாள்.

சுகந்தி தாளைப் பார்த்து, எழுத்து எழுத்தாக, முதல் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.